அலையாத்தியா, சவுக்கா?

2018 கஜா புயலுக்குப் பிறகு முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் கரையில் அலையாத்தி (மாங்குரோவ்) நடலாமா, சவுக்கு நடலாமா என்று கேட்பவர்கள் அதிகம்.

இடம்: அலையாத்திக்கு ஓதம், அதாவது கடல்நீர், ஏறி இறங்கும் சேறு வேண்டும். சவுக்குக்கு மணல் போதும், தண்ணீர் தேங்கினால் ஆகாது.

செலவு: சவுக்குக்குக் கன்று விலை, முதல் கோடைக்குத் தண்ணீர், அவ்வளவுதான். அலையாத்திக்கு மீன்முள் போலக் கிளை பிரியும் வாய்க்கால் வெட்டி ஓதநீர் உள்ளே வந்துபோக வழிவிட வேண்டும். இல்லையென்றால் கோடையில் தேங்கிய நீர் வற்றி, உப்பேறி, கன்று கருகிவிடும். வாய்க்கால் தூர்ந்தால் மறுபடி வெட்டணும். (கன்று நடும்போது எடுக்கும் படத்தில் வாய்க்கால் தெரியாது. அதனால்தானோ என்னவோ, பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.)

வரும்படி: சவுக்கு நாலைந்து வருடத்தில் கம்பத்துக்கும் காகித ஆலைக்கும் போகும். வெட்டிய அன்றே காற்றுத்தடுப்பும் போச்சு. அலையாத்தியை வெட்டி விற்க முடியாது. ஆனால் இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்கி வளர்வது அதன் வேர்களுக்கு நடுவில்தான்.

தாங்குவது: கஜாவில் இரண்டுமே அடி வாங்கின. கடல்மட்டம் உயரும்போது அலையாத்தியின் கை ஓங்கும். வேர்கள் வண்டலைப் பிடித்துத் தரையை மெல்ல உயர்த்தும். காவிரி கொண்டுவரும் வண்டலே குறைந்துவிட்டது, அது தனிக்கதை.

சரி, எது யாருக்கு? சொந்த மணல் நிலம், சீக்கிரம் காசு வேண்டும் என்றால் சவுக்கு; ஆமை முட்டையிடும் மணலை மட்டும் விட்டுவிடுங்கள். காயல் ஓரத்து ஊர், மீன்பிடிதான் பிழைப்பு என்றால் அலையாத்தி.