புரோகிராமிங் புதிருக்கு சாட்பாட்டை எவ்வளவு நம்பலாம்?

வியாசர்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கோடிங் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் கேம்பஸ் இன்டர்வியூவின் ஆன்லைன் டெஸ்ட்டுக்குத் தயாராகிறவர்கள். ஏஐ சாட்பாட்டை இரண்டு வருஷத்துக்கு மேலாக இவர்களோடு சேர்ந்து பயன்படுத்தி வருகிறேன்.

பழக்கமான கணக்கு என்றால் சாட்பாட் அசத்திவிடும். பைனரி சர்ச், பிஎஃப்எஸ், நாப்சாக் என்று பாடத்தில் வரும் வழக்கமான கணக்குகளில் எதைக் கேட்டாலும் சுத்தமான கோடு வரும். லீட்கோடு என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் வருஷக்கணக்காகப் புழங்கும் கேள்விகளுக்கு விடைகள் இணையமெங்கும் கிடக்கின்றன. அதையெல்லாம் படித்துத்தானே அது வளர்ந்தது!

அதே கணக்கில் ஒரு வரியை மாற்றிப் பாருங்கள், அங்கேதான் சறுக்கும். ஓர் எண் வரிசையில் அடுத்தடுத்து வரும் எண்களின் அதிகபட்சக் கூட்டுத்தொகையைக் கேட்டோம். குறைந்தது ஓர் எண்ணாவது எடுத்தாக வேண்டும் என்பது நிபந்தனை. இந்தக் கணக்குக்கான பிரபல வழிமுறையான கடேன் அல்காரிதத்தைச் சரியாகத்தான் பிடித்தது. ஆனால் விடையை வைக்கும் மாறியை 0 என்று தொடங்கிவிட்டது. -3, -1, -2 கொடுத்தால் -1 வர வேண்டும், வந்தது 0. கேள்வியோடு இருந்த சாம்பிள் இன்புட்டுகளில் பாசிட்டிவ் எண்களும் இருந்ததால் அவை எல்லாமே பாஸ். விளக்கமும் துளி சந்தேகமில்லாத தொனியில் இருந்தது. சரியான விடைக்கும் தப்பான விடைக்கும் ஒரே தொனி என்பதுதான் என் பெரிய குறை.

இன்னொன்று, நாம் அழுத்திச் சொன்னால் வளைந்துவிடும். ஒரு பையன் இன்புட்டைத் தப்பாக டைப் செய்துவிட்டு, "உன் கோடு தப்பு" என்று அதனிடம் சொன்னான். உடனே மன்னிப்புக் கேட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடை மாற்றிக் கெடுத்தது. "அதுவே தப்புன்னு ஒத்துக்கிச்சுக்கா" என்று என்னிடம் வந்தான். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இது நிஜமாகவே ஆபத்து.

இப்போது வரும் சில சாட்பாட்டுகள் கோடைத் தாமே ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்கின்றன. முன்னேற்றம் நன்றாகவே தெரிகிறது. 2015 முதல் டிசம்பர்தோறும் நடக்கும் அட்வென்ட் ஆஃப் கோடு என்ற ஆன்லைன் நிகழ்வின் புரோகிராமிங் புதிர்களுக்குக்கூட நொடிகளில் விடை வந்துவிடுகிறது. நம் நேரப்படி காலை 10:30-க்குப் புதிர் திறக்கும். யோசித்துப் போடும் சுகத்துக்காகவே நாங்கள் அதில் சாட்பாட்டைத் தொடுவதில்லை.

மற்ற நாட்களில் ஒரே வழக்கம்தான். மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை என்று எல்லா வாய்ப்பையும் எண்ணிப் பார்க்கும் எளிய கோடை மாணவரே எழுத வேண்டும். அப்புறம் ஐந்தாறு எண்கள் கொண்ட சின்னச் சின்ன ரேண்டம் இன்புட்டுகளை அதற்கும் சாட்பாட்டின் கோடுக்கும் கொடுத்து விடைகளை ஒப்பிடுவோம். மைனஸ் எண்களையும் கலந்தால், மேலே சொன்ன 0 பிழை மாதிரியானவை சீக்கிரமே மாட்டிக்கொள்ளும். இரண்டு விடையும் ஒத்துப்போன பிறகுதான் பெரிய இன்புட்டில் வேகத்தைப் பார்ப்போம்.

டெஸ்ட் நடக்கும்போது பக்கத்தில் சாட்பாட் இருக்காது. அதனால் இப்போதெல்லாம் அதனிடம் விடை கேட்பதைக் குறைத்துவிட்டு, "என் கோடு எந்த இன்புட்டில் உடையும்?" என்று கேட்கச் சொல்கிறேன். அது கொடுக்கும் இன்புட்டை ஓட்டிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும், அதன் பேச்சை நம்ப வேண்டியதில்லை. எங்களுக்கு அதிகம் பயன்பட்டது இந்த ஒரு கேள்விதான்.