80 விதைகளோடு தண்டையார்பேட்டையில்

டொராண்டோவில், புற்றுநோய்க்காக, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள என் புராஸ்டேட் சுரப்பிக்குள் 80 கதிர்வீச்சு விதைகளை வைத்த 40ஆம் நாள், அண்ணன் மகளின் வளைகாப்புக்காகச் சென்னைக்கு வந்தேன். விமான நிலையத்தில் யாரும் நிறுத்தவில்லை. மெட்ரோவில் ஏறி, வண்டி மாறாமல் தண்டையார்பேட்டையிலேயே இறங்கினேன். எத்தனை பெரிய வசதி!

விதை ஒவ்வொன்றும் அரிசிமணியைவிடச் சிறியது. டைட்டானியக் கூட்டுக்குள் கதிர்வீசும் அயோடின்-125. ஏறக்குறைய 60 நாளுக்கொருமுறை அதன் வீரியம் பாதியாகும். கூடு மட்டும் ஆயுளுக்கும் உள்ளேயே கிடக்கும். முதல் 2 மாதம் குழந்தைகளை நெடுநேரம் மடியில் வைக்கக் கூடாது, கர்ப்பிணிகளை ஒட்டி உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் இரவு சிறுநீர் அடைத்துக்கொண்டது. சுரப்பி வீங்குவதால் சிலருக்கு இப்படி நேரும். பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஓடினோம். உடலில் விதைகள் இருப்பதைச் சொல்லும் என் அட்டையைப் பார்த்ததும் ஊழியர்கள் விலகி நின்றார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு கதிர்வீசும் இரிடியத்தை உள்ளே செலுத்திச் சில நிமிடங்களில் திரும்ப எடுக்கும் முறைதான் இங்கே பழக்கம். "எடுக்காமல் ஏன் அனுப்பினார்கள்?" என்றார் மருத்துவர். கேள்வியில் தவறில்லை. அடிவயிறு தெறிக்கத் துடித்தவனை ஒரு மணி நேரம் நடையில் நிறுத்தியதை மன்னிக்க முடியவில்லை.

அங்கிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை. இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் அட்டையை இருமுறை படித்தார். கர்ப்பிணியான செவிலியரை வேறு கட்டிலுக்கு அனுப்பிவிட்டு, தாமே குழாய் வைத்தார். விதை வெளியே வந்தால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும் என்றேன். "சிறுநீரை வடிகட்டிப் பார்த்துவிடுகிறோம் ஐயா" என்றார். அந்த ஒரு சொல்லில் பாதி வலி போயிற்று. கட்டணம் எதுவும் இல்லை.

விதையோடு வருகிறவர்கள் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். என்ன தனிமம், வைத்த தேதி, நிரந்தரமாக உள்ளே இருப்பது, யார் தள்ளியிருக்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். நான் மறுநாள்தான் எழுதினேன்.

வளைகாப்பன்று வாசற்படியோரம் நாற்காலி போட்டுக்கொண்டேன். வளையல்களை அண்ணியிடம் கொடுத்தனுப்பினேன். சந்தனம் காயாத கையோடு அண்ணன் மகள் தூரத்திலிருந்தே சொன்னாள்: "தொட்டில் போடும்போது வந்துவிடுங்கள் சித்தப்பா. பிள்ளையை நீங்களே தூக்கிப் போடுங்கள்."