வாசலில் ‘தண்ணீர் சோதனை’ செய்துவிட்டு 2,680 வெள்ளியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள் – சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 2,680 வெள்ளி. அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். பேநவ் (போன் வழிப் பணப் பரிமாற்றம்) மட்டும்தான் என் போனில் இருந்து போனது.

நிறுவனத்தின் பெயரை இப்போதைக்குப் போடாதே என்று தம்பி சொல்லிவிட்டான், அதனால் போடவில்லை. வீடு வீடாக மணி அடித்து, அதே சமயம் எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கத்துத் தற்காலிகச் சந்தையில் ஒரு பந்தலும் போட்டு, தண்ணீர் ஃபில்டர் விற்கிற கூட்டம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். “தெரியாதவனுக்கு ஏன் கதவைத் திறந்தாய், ஏன் கேட்டு விசாரிக்கவில்லை” என்று கீழே எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

போன சனிக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டில் இருந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒரு தமிழ்ப் பையன், இருபத்தைந்து இருக்கும், கழுத்தில் பட்டை போட்ட அடையாள அட்டை. கூட ஒரு சீனப் பெண், கையில் கிளிப்போர்டு, அவள் கடைசி வரை வாயே திறக்கவில்லை. “அக்கா, இந்த புளோக்ல தண்ணி செக் பண்றோம், ஃப்ரீதான், அஞ்சு நிமிஷம்” என்றான். தண்ணீர் விநியோகிக்கிற அரசாங்க அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தில் இருந்து வருகிறோம் என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அதை இப்போது யோசித்தால் எரிகிறது. சொல்லாமலே அப்படி நினைக்க வைக்கிற மாதிரிதான் ஒவ்வொரு வார்த்தையும். ‘புளோக்’, ‘செக்’, ‘ரெக்கார்ட்’, ‘ஒவ்வொரு மாடியா முடிச்சிக்கிட்டு வர்றோம்’.

உள்ளே வந்ததும் அம்மாவைப் பார்த்து “அம்மா, உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டான். மன்னார்குடி என்றார் அம்மா. “அட, எங்க பாட்டி நீடாமங்கலம்மா!” அவ்வளவுதான், முடிந்தது கதை. அம்மா மைலோ கலக்கப் போய்விட்டார். எங்கள் அம்மாவைக் குறை சொல்லவே மாட்டேன். அவர் வளர்ந்தது செம்பவாங் பக்கம், வாசலுக்கு ரொட்டிக்காரர் வருவார், பால்காரர் வருவார், மாதக் கடைசியில் கணக்கு, ஒரு காசு மாறாது. வாசலில் வந்து விற்கிறவன் நாளைக்கும் வருவான் என்பது அவருக்கு உடம்பில் ஊறிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் இவன்கள் விலைக்கு விற்கிறார்கள்.

அப்புறம் வித்தை ஆரம்பித்தது. எங்கள் வீட்டு டம்ளரையே கேட்டு வாங்கினான். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஃபில்டர் தண்ணீர். நாலு உலோகக் குச்சி தொங்குகிற ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் ஒரே நேரத்தில் இறக்கி, மின்சாரத்தில் சொருகினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே அழுக்கு நுரை கட்டி, பச்சையும் கறுப்புமாகத் துகள் மிதக்க ஆரம்பித்தது. அவனுடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. “இதைத்தான்மா இத்தனை வருஷம் குடிச்சிருக்கீங்க. அப்பாவுக்குக் கிட்னி பிரச்சினைன்னு சொன்னீங்களே…” அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னான். அம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்கப் போவதில்லை.

இந்த வித்தை என்ன என்று தம்பி திங்கட்கிழமை வந்து விளக்கினான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் பயந்து பணம் கட்ட வேண்டாம். அந்தக் குச்சிகளில் சில இரும்பு, சில அலுமினியம். நம் குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே கொஞ்சம் தாது உப்புகள் கரைந்திருக்கும், அதனால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் அந்த இரும்புக் குச்சியே கரைந்து துருவாகத் தண்ணீரில் கலக்கிறது. நாம் பார்க்கிற அழுக்கு தண்ணீரில் இருந்தது இல்லை, குச்சியில் இருந்து வந்தது! ஃபில்டர் தண்ணீரில் உப்புகளை எடுத்துவிட்டதால் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறாது. அவன் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் சாக்கடை மாதிரி ஆகியிருக்கும். பொதுப் பயனீட்டுக் கழகமே இந்த மின்பகுப்புச் சோதனையை நம்பாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதும், கழகம் ஃபில்டர் விற்பதில்லை என்பதும் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதுதான்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். நான் கேட்டேன், “உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா தம்பி?” உடனே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்தான். நிறுவனப் பெயர், பதிவு எண், முகவரி, எல்லாம் இருந்தது. “அக்ராவுல, அதான் கம்பெனி பதியிற அரசாங்க ஆபீஸ்ல, ரெஜிஸ்டர் ஆன கம்பெனிக்கா, அரசாங்க லைசென்ஸ். நம்பலைன்னா கீழ சந்தைக்கு வாங்க, எங்க கடை அங்கதான் இருக்கு, அது பெர்மிட் இல்லாம போட முடியாது தெரியுமா?” போனேன். கீழே இறங்கி, சந்தைக்கு நடந்து போய்ப் பார்த்தேன். ராம்லி பர்கர் கடைக்கும் போன் கவர் கடைக்கும் நடுவில் பேனரோடு, மேசையோடு, இரண்டு பேர் நின்றுகொண்டு அதே கருவியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பதிவு எண்ணைப் போனில் தேடினேன், நிறுவனம் இருந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன சரிபார்ப்பாள்?

திரும்பி வந்தேன். 500 வெள்ளி முன்பணம், “இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை” என்று சொல்லி சாயங்காலமே ஆள் வந்து சிங்க்குக்குக் கீழே மாட்டிவிட்டு மீதி 2,180 வெள்ளி. மொத்தம் 2,680 வெள்ளி. கையில் ஒரு ரோஸ் நிற நகல் ரசீது.

பயனீட்டாளர் சங்கத்துக்குப் போன் செய்து, அப்புறம் நானே படித்து, இப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிகிறது. அந்தத் தாள் உரிமமே இல்லை. அக்ராவில் பதிவு என்பது ஒரு வணிகம் இருக்கிறது என்பதற்கான பதிவு மட்டும்தான். நூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் கட்டினால் நாளைக்கே என் பெயரில் ஒன்று பதியலாம். அவன் விற்கிற பொருள் நல்லது, அவன் சொல்வது உண்மை, வீட்டுக்குள் வர அவனுக்கு அனுமதி இருக்கிறது என்று யாரும் அதில் சான்று கொடுக்கவில்லை. சந்தைக் கடையும் அதே கதை. தற்காலிகச் சந்தைக்கு அனுமதி வாங்குவது ஏற்பாட்டாளர், இடத்துக்குச் சொந்தக்காரர்களின் சம்மதத்தோடு. அதில் சுத்தம் பார்ப்பார்கள், சாப்பாட்டுக் கடைகளைப் பார்ப்பார்கள். ஒரு பந்தலை வாடகைக்கு எடுத்து ஃபில்டர் விற்கிறவன் வாயில் வருவது பொய்யா என்று அந்த அனுமதி பார்க்காது. வீட்டு வாசலில் நன்கொடை வசூலிக்க வருபவர் என்றால் அதற்கென்று உரிமம் வேண்டும், காட்டச் சொல்லிக் கேட்கலாம், சரிபார்க்கலாம். பொருள் விற்க வருபவன் ஒரு தாளை ஆட்டிக்காட்டி அதே மரியாதையை வாங்கிக்கொண்டு போகிறான்.

ஆனால் நம் பக்கம் ஒரு சட்டம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் அவன் வாயே திறக்கவில்லை. அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்றால் ஐந்து நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் சேராது. பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின் கீழ் 2009ல் வந்த விதிமுறை. இந்த உரிமை இருக்கிறது என்று எழுத்தில் ஓர் அறிவிப்பும் அவர்கள் நமக்குத் தர வேண்டும். எங்களுக்குத் தந்தது அந்த ரோஸ் ரசீது மட்டும். அதில் பின்பக்கம் பொடி எழுத்தில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது”.

திங்கட்கிழமை காலையிலேயே ரத்து செய்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன், மின்னஞ்சலும் அனுப்பினேன். அன்றிலிருந்து நடந்ததைக் கேளுங்கள்.

முதல் பதில்: “அக்கா, ஃபில்டர் ஓப்பன் பண்ணியாச்சே, எப்படி ரிட்டர்ன் எடுக்கிறது?” ஓப்பன் பண்ணியது யார், அவன் அனுப்பிய ஆள்தானே! ஐந்து நாள் விதியைச் சொன்னேன். “அது டைம்ஷேர் (விடுமுறை விடுதியைப் பலர் பங்கு போட்டு வாங்குவது) மாதிரி விஷயத்துக்குக்கா, இதுக்கு இல்ல.” இதற்கும் உண்டு என்று காட்டினேன். மேனேஜர் ஜேபி (மலேசியாவின் ஜோகூர் பாரு) போயிருக்கிறார் என்றான். மறுநாளும் மேனேஜர் ஜேபியில்தான் இருந்தார். அவருக்கு அங்கே வீடே இருக்கிறது போல. அப்புறம் வேறொரு எண்ணில் இருந்து ஒரு பெண், ரொம்ப இனிமையாக, பாதித் தொகையை ‘பொருத்திய கட்டணம்’ என்று பிடித்துக்கொள்வோம், மீதிக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். எனக்கு எதற்கு வேறு பொருள்? 2,680 வெள்ளி திரும்ப வேண்டும் என்றேன். அதோடு நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. பாட்டி நீடாமங்கலம் என்று சொன்ன பையன் என்னை பிளாக்கே செய்துவிட்டான்.

சந்தைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை இரவோடு முடிந்துவிட்டதாம். பந்தல், விளக்கு, பேனர் ஒன்றும் இல்லை, குப்பை கூட்டுகிற அண்ணன் ஒருவர் மட்டும் இருந்தார். ஏற்பாட்டாளரின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டால், “நாங்க இடம்தான் வாடகைக்கு விடுறோம், வியாபாரம் அவங்க பாடு” என்று சொல்லி வைத்துவிட்டார். வாடகை வாங்கியவருக்கு யாருக்கு விட்டோம் என்று தெரியாதா? ஃபில்டர் நிறுவனத்தின் முகவரி கிழக்குப் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம். லீவு போட்டுப் போனேன். அது பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கிற அலுவலகம், வரவேற்பில் இருந்த பெண் “கடிதம் மட்டும் வாங்கி வைப்போம்” என்றாள். சரி, கடிதம்தானே, ரத்து செய்கிற கடிதத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தரச் சொல்லி நின்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள். அந்த முத்திரை விழுந்தது வெள்ளிக்கிழமை மாலை, ஐந்தாவது நாள். இப்போதைக்கு என் கையில் இருக்கிற உருப்படியான ஒரே விஷயம் அது.

நேற்றிரவு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையத்தில் மனு போட்டாயிற்று, சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) இருந்தால் போதும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மணி ஒன்று ஆகிறது, காலையில் வேலை. அவசரத்துக்குச் சிலது மட்டும். குச்சிக் கருவியை எடுத்தாலே வெளியே போகச் சொல்லுங்கள். கழகத்து ஆள்தானா என்று சந்தேகம் வந்தால் 1800-2255-782க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அக்ரா தாளைக் காட்டினால் “இது லைசென்ஸ் இல்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அன்றே பொருத்த விடாதீர்கள், முழுப் பணத்தையும் அன்றே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் நாள்களை எண்ணிப் பாருங்கள், ஐந்து நாள் தாண்டவில்லை என்றால் இன்றே எழுத்தில் ரத்து செய்யுங்கள், போனில் பேசுவது வேண்டாம். தாண்டிவிட்டது, ஆனால் ரத்து உரிமை பற்றிய அறிவிப்பையே அவர்கள் தரவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள், பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள். தனியாக இருக்கிற பெற்றோரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், அனுப்பி வைத்தால் படிக்க மாட்டார்கள்.

அதே சந்தையில், அல்லது ஈசூன் ரிங் ரோடு புளோக்குகளில், ரோஸ் நிற ரசீதோடு இதே மாதிரி ஃபில்டர் வாங்கியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். அவரவர் மனு அவரவர் போட வேண்டும், நான் போட்டதைக் காட்டி உதவுகிறேன்.