68,000 ரூபாய் கட்டி அக்காவின் கழுத்தைக் கெடுத்துக்கொண்டோம்

கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மாலைதான் அந்த இடத்திலிருந்து எங்களைக் கிட்டத்தட்டத் துரத்தி அனுப்பினார்கள். பெயர் போடவில்லை. முடி கொட்டுவது, மரு, தழும்பு என்று எல்லாவற்றுக்கும் விளம்பரம் செய்யும் அழகு சிகிச்சை கிளினிக், அவ்வளவுதான்.

என் அக்கா டெய்லர். வயது 34. வலது காதுக்குக் கீழே, கழுத்தில் ஒரு கட்டி. வலியே இல்லை. தன் இஞ்ச் டேப்பாலேயே அளந்துவிட்டு, "போன தீபாவளிக்கு ஒரு இஞ்சுடா, இப்ப ரெண்டு" என்றாள். அதையே அங்கேயும் சொன்னாள். டாக்டர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். "கொழுப்புக் கட்டிம்மா. எனக்கே ஒண்ணு இருக்கு" என்று சட்டைக் கையை மடித்துத் தன் முழங்கையில் இருந்ததைக் காட்டினார். அந்த இடத்தில்தான் விழுந்தோம். தன் கையையே காட்டுகிற மனுஷனைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

ஸ்கேன் இல்லை. "அரை மணி நேரம், தழும்பு தெரியாது, பேக்கேஜ் 68,000." சீட்டு எடுத்த பணம் அது. எடுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்ப வேண்டாமா என்று நான் கேட்டேன். "கொழுப்ப அனுப்பி லேப்காரனைச் சிரிக்க வைக்கணுமா தம்பி?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் ஆறவில்லை.

நாலே மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வீங்கியது. போன் செய்தால், "அது புதுக் கட்டி சார், பேக்கேஜ்ல வராது, ரிவியூவுக்கு 800." வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. அப்புறம் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓடினோம். எம்.ஆர்.ஐ., தடித்த ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி, அந்தச் சதையிலேயே மரபணு டெஸ்ட். கடைசியில் சினோவியல் சார்கோமா என்றார்கள், தசை போன்ற மென்மையான சதையில் வரும் ஒரு புற்றுநோய். சினோவியம் என்றால் மூட்டுச் சவ்வு, அதனால் பெயரைப் பார்த்து மூட்டு வியாதி என்று நினைத்தேன். இது அந்தச் சவ்விலிருந்து வருவதே இல்லையாம். பல நேரம் மெதுவாக வளர்ந்து சாதுவான கட்டி மாதிரி ஏமாற்றுமாம்.

அங்கே இருந்த டாக்டர் டேப் கதையைக் கேட்டதும் நிமிர்ந்தார். இரண்டு இஞ்ச் என்றால் ஐந்து சென்டிமீட்டர். அந்த அளவு, வளர்ந்துகொண்டே போவது, தசைக்கு அடியில் ஆழமாக இருப்பது, இதில் எது இருந்தாலும் முதலில் ஸ்கேன், பயாப்ஸி, அதற்கப்புறம்தான் கத்தி. தெரியாமல் தோண்டிவிட்டால் தோண்டிய இடம் முழுக்கச் சந்தேகத்துக்குரிய இடமாகிவிடுகிறது. அத்தனையையும் சேர்த்து எடுக்க வேண்டும். தொடை என்றால் சுற்றி நல்ல சதையோடு எடுக்கலாம். கழுத்தில் அதற்கு ஏது இடம்? மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒரு பக்கம், தோளைத் தூக்கும் நரம்பு இன்னொரு பக்கம். அந்த நரம்பு போனால் கையை மேலே தூக்க முடியாது. அவள் டெய்லர்.

இந்த நோய் பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகுமாம். மார்பு சி.டி.யில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு நாள்தான் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம். வியாழக்கிழமை ஆபரேஷன், புண் ஆறியதும் ஆறு வாரம் ரேடியேஷன்.

முதலில் எடுத்த சதை இருந்தால் உதவும் என்று டாக்டர் கேட்டார். அதற்காகத்தான் நேற்று போனோம். "டிஸ்போஸ் பண்ணியாச்சு." ஆபரேஷன் குறிப்பு? "அந்த டாக்டர் இப்ப இங்க இல்ல." 68,000? "சர்வீஸ் கொடுத்துட்டோமே சார்." கையில் இருப்பது ஒரு பில் மட்டும். அதிலும் அழகு சிகிச்சை என்றுதான் போட்டிருக்கிறது. மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். ஒன்றரை மணி நேரம் மீட்டிங்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. சதையை டெஸ்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவக் குறிப்புகளை எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. நான் வாயால் கேட்டு ஏமாந்தேன். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். நாங்கள் அது பீரோவில் இருக்கும்போதே 68,000 கட்டினோம்.

அக்கா கூப்பிடுகிறாள். வியாழனுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய ஏழு ப்ளவுஸ் பாக்கி இருக்கிறதாம், ஹெம்மிங் பிடிக்க ஆள் வேண்டுமாம்.