ஸ்ட்ரீமிங் பாக்ஸா, கன்சோலா? ஒரே டிவியில் இரண்டையும் வைத்துப் பார்த்த கதை

"பிஎஸ்5 வாங்கிட்டா நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் எல்லாம் அதுலயே வந்துடுமே, அப்புறம் எதுக்குத் தனியா ஒரு ஸ்டிக்?" புது டிவி வாங்கும் நண்பர்களில் பாதிப் பேர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டு ஹால் டிவியில் சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5-ம் (சுருக்கமாக பிஎஸ்5, டிஸ்க் போடும் வகை), ஸ்ட்ரீமிங் பாக்ஸான ஆப்பிள் டிவி 4கே-யும் சில வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. படுக்கையறையில் டிவியின் பின்னால் செருகும் சாதாரண ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று. கேம் ஆட வீட்டில் ஆள் இருந்தால் கன்சோல் வாங்குங்கள். படம் பார்க்க என்று அதை வாங்காதீர்கள். கன்சோல் இருக்கிற வீட்டிலும் தினப்படி டிவிக்கு ஒரு பாக்ஸ் தனியாக இருக்கட்டும்.

வேகத்தில் கன்சோலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆப்பைத் தொட்டால் திறக்கிறது, நடுவில் திணறுவதில்லை. மலிவு ஸ்டிக்குகளில் 8 ஜிபி இடம்தான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். ஏழெட்டு ஆப் போட்ட பிறகு "இடம் போதவில்லை" என்று அழ ஆரம்பித்துவிடும். அந்தத் தொல்லையெல்லாம் கன்சோலில் கிடையாது. சிக்கல் கைக்கு வரும் கருவியில் இருக்கிறது.

கன்ட்ரோலரை எடுத்து நடுவில் இருக்கும் பிஎஸ் பட்டனை அழுத்த வேண்டும். எந்தக் கணக்கு என்று கேட்கும். கேம் பக்கம் திறக்கும். அங்கிருந்து மேலே போய் மீடியா பக்கத்துக்கு நகர வேண்டும். எனக்கு இது இரண்டு நொடி வேலை. அம்மாவுக்கு அப்படியில்லை. கன்ட்ரோலரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "டேய், இதுல ஓகே எதுடா?" என்பார். எக்ஸ்தான் ஓகே, வட்டம்தான் பேக் என்று சொன்னால், "எக்ஸுன்னா தப்புன்னுல்ல அர்த்தம்?" என்று கேட்பார். பதில் இல்லை என்னிடம்.

இன்னொரு கூத்தும் உண்டு. படம் ஓடும்போது கன்ட்ரோலர் சோபாவிலேயே கிடக்கும். யாராவது நகர்ந்து உட்கார்ந்தால் பின்பக்கம் இருக்கும் ஆர்2 விசை அமுங்கி, படம் தன்பாட்டுக்கு முன்னால் ஓடும். வில்லன் யார் என்று தெரிகிற காட்சி இப்படிப் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. சோனி இதற்கென்றே மீடியா ரிமோட் ஒன்று தனியாக விற்கிறது. செட்டிங்ஸில் ஹெச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க் என்பதை இயக்கினால் டிவி ரிமோட்டின் அம்பு விசைகளே ஓரளவு வேலை செய்யும். கன்சோல் மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் செய்துவிடுங்கள். ஆனாலும் பெரியவர்களுக்கு, அந்தத் திரையில் கேம் படங்களுக்கு நடுவே சீரியலைத் தேடுவது அந்நியமாகத்தான் இருக்கிறது.

ஆப்பிள் டிவி ரிமோட்டும் முதலில் படுத்தியது. வட்டப் பட்டனே டச்பேடாகவும் வேலை செய்யும் என்பதால், விரல் லேசாக வழுக்கினாலே தேர்வு எங்கோ போய் நிற்கும். செட்டிங்ஸில் அதை 'கிளிக் மட்டும்' என்று மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. இப்போது அம்மா என்னைக் கூப்பிடுவதில்லை. ஒன்று மட்டும் குறை: ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியிடம் தமிழில் கேட்பது எங்களுக்குச் சரிவரவில்லை. குரலில் தமிழ்ப் படப் பெயரைச் சொல்லித் தேட, கூகுள் டிவி பாக்ஸ்கள்தான் தேவலை.

கன்சோலிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்ற எண்ணம் சும்மா வந்ததல்ல. 2000-இல் வந்த பிஎஸ்2 டிவிடி போடும். 2006-இல் வந்த பிஎஸ்3, டிவிடிக்கு அடுத்து வந்த புளூரே டிஸ்க் போடும். அன்றைக்குத் தனி புளூரே பிளேயர் அதைவிட விலை. படம் பார்க்கவே பிஎஸ்3 வாங்கியவர்கள் ஏராளம், அது புத்திசாலித்தனமான கணக்கும்கூட. இன்றைக்கு நிலைமை தலைகீழ். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் ஸ்டிக் செய்கிற வேலைக்கு ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி எதற்கு? (மோசர் பேர் என்ற இந்திய நிறுவனம் ஒரு காலத்தில் 34 ரூபாய்க்கு விற்ற டிவிடிகள் பரணில் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவை பிஎஸ்5-இல் ஓடுகின்றன. அப்பா சேர்த்த பாட்டு சிடிக்கள் ஓடாது, ஆடியோ சிடியை அது ஏற்பதில்லை. அப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான்.)

படத் தரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் துல்லியமாகக் காட்டும் முறைதான் ஹெச்டிஆர். அதில் ஹெச்டிஆர்10 அடிப்படை வகை, டால்பி விஷன் காட்சிக்குக் காட்சி சரிசெய்துகொள்ளும் மேம்பட்ட வகை. பிஎஸ்5-இல் டால்பி விஷன் கிடையாது, ஹெச்டிஆர்10 மட்டும்தான். நல்ல விலை கொடுத்து டால்பி விஷன் டிவி வாங்கிவிட்டு, பிஎஸ்5 வழியாகவே எல்லாம் பார்த்தால் அந்த வசதிக்குக் கொடுத்த காசு வீண். மைக்ரோசாஃப்டின் கன்சோல்களான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் டால்பி விஷன் உண்டு. 2020-இல் 34,990 ரூபாய்க்கு இங்கே வந்த சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் போட முடியாது, ஆனால் ஸ்ட்ரீமிங்கை மட்டும் வைத்துப் பார்த்தால் பிஎஸ்5-ஐவிட அதுவே மேல்.

அடுத்தது ஃபிரேம் கணக்கு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கப்படுகிறது. அதை 60-ஆக மாற்றி அனுப்பும்போது ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாறி மாறித் திரையில் நிற்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில், வயல்வெளியோ ரயிலோ காட்டும்போது, ஒரு மெல்லிய துள்ளல் தெரியும். பிஎஸ்5 டிஸ்க்கில் 24-ஐச் சரியாக அனுப்புகிறது, ஸ்ட்ரீமிங் ஆப்களில் 60-தான். ஆப்பிள் டிவியில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்' என்பதைப் போட்டுவிட்டால் படத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். சில டிவிகள் இதைத் தாமே சரிசெய்துவிடும், சிலருக்குக் கண்ணிலேயே படாது. எனக்கு ஒருமுறை தெரிந்த பிறகு தெரியாமல் இருக்க முடியவில்லை.

கரண்ட் செலவு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கிறது. கேம் ஆடும்போது பிஎஸ்5 200 வாட் வரை இழுக்கும். வெறும் படம் பார்த்தாலே 50 வாட்டைச் சுற்றி ஆகும். ஸ்டிக்கும் பாக்ஸும் நாலைந்து வாட்டில் அதே வேலையை முடிக்கும். தினம் நாலு மணி நேரம் டிவி ஓடுகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட்டுக்கு எதிரே ஒரு யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பதால், ஏசி ஓடும் கோடையில் எல்லைக்கோட்டில் நிற்கிற வீடுகளுக்கு இதுவும் கணக்குதான்.

கரண்ட் போய் வருவது இன்னொரு தலைவலி. பாக்ஸ் அணைந்தால் திரும்ப எழுந்து வேலையைப் பார்க்கும். கன்சோல் அப்படி அணைந்தால், அடுத்த முறை இயக்கும்போது முறையாக அணைக்கவில்லை என்று சொல்லி, ஸ்டோரேஜைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடும். இன்வெர்ட்டர் இருந்தும் இது நடந்துகொண்டிருந்தது. பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் யூபிஎஸ் மோட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதை மாற்றினால் கரண்ட் மாறும் இடைவெளி குறைந்து கன்சோல் அணையாது. எலக்ட்ரீஷியன் வந்து வேறு ஏதோ பார்க்கும்போதுதான் காட்டிக்கொடுத்தார்.

தூசியைப் பற்றியும் சொல்லவேண்டும். பிஎஸ்5-இன் வெள்ளைத் தகடுகளைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே தூசி சேர்வதற்கென்றே இரண்டு துளைகள் வைத்திருக்கிறார்கள். வேக்யூம் கிளீனரை அதில் வைத்து உறிஞ்சினால் போதும். எங்கள் வீட்டில் போகிக்கு வெள்ளையடிக்கிறார்களோ இல்லையோ, இது நடக்கும். முதல் தடவை வந்த தூசியைப் பார்த்து நானே அசந்துவிட்டேன்.

ஆப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெரிய சர்வதேசச் சேவைகள் இரண்டு பக்கமும் உண்டு. நம் ஊர் ஆப்களில் சில கன்சோலின் ஆப் ஸ்டோரில் கிடைப்பதில்லை. நாங்கள் பார்க்கும் ஒன்று இன்றுவரை வரவில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டில் தினமும் எது ஓடுகிறதோ அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அட்டையில் 8கே என்று கொட்டை எழுத்தில் போட்டு மலிவாக விற்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் பக்கம் போகவே வேண்டாம். வைட்வைன் எல்1 என்ற திருட்டுத் தடுப்புப் பாதுகாப்புச் சான்று இல்லாத பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் மங்கலான 480பி-யில்தான் வரும், டிவி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

கேம் ஆடப்போவது உறுதி என்றால், டிஸ்க் வகையையே எடுங்கள். 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் வகை 49,990 ரூபாய், டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் வகை 39,990. பட்டியல் விலை அப்புறம் ஏறிவிட்டது, இடையிடையே தள்ளுபடியும் வரும். அந்த வித்தியாசத்தைப் பழைய டிஸ்க் வாங்கி, ஆடி முடித்து, திரும்ப விற்பதிலேயே எடுத்துவிடலாம். டிஜிட்டலில் வாங்கிய கேம் உங்கள் கணக்கோடு சரி, யாருக்கும் கைமாற்ற முடியாது. இப்போது வரும் ஸ்லிம் மாடலில் டிஜிட்டல் வகை வாங்கிவிட்டு டிஸ்க் டிரைவைப் பின்னால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது. முதல்முறை மாட்டும்போது இன்டர்நெட் இணைப்பு கட்டாயம் வேண்டும்.