வாசிகசாலையில் நடந்த வெடிபொருள் அபாய வகுப்பு: புகை செல்லுக்காகவே போகலாம்

திருகோணமலை டவுனுக்கு வெளியே எங்கள் ஊர் வாசிகசாலையில், மிதிவெடி அகற்றுகிற நிறுவனம் ஒன்று நடத்திய இலவச வகுப்புக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். மிதிவெடி பற்றி அவனுக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், இனி என்ன புதிதாக இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் பாதி நேரம் புகை செல்லைப் பற்றியே, அதாவது புகைத்திரை போடுவதற்காகப் பீரங்கியால் சுடும் குண்டைப் பற்றியே பேசினார்கள். வெறும் புகைதானே என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பிழை!

நீளவாக்கில் வெட்டிய 155 மில்லிமீற்றர் செல்லின் மாதிரியை மேசையில் வைத்தார்கள். நேரம் குறித்த பியூஸ் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொறி) வானத்திலேயே வேலை செய்ய, உள்ளே இருக்கும் சிறிய அளவு வெடிமருந்து, புகை தரும் சரக்கையெல்லாம் அடிப்பக்கத்தால் வெளியே தள்ளிவிடும். வெறும் கோது அதே வேகத்தில் போய் எங்கேயோ விழும், அது ஒரு கூரையில் விழுந்தாலே ஆள் தப்பாது. இந்தச் செல்லில் ஒரு வகைக்குள் வெள்ளைப் பொசுபரசு ஊறிய 116 ஃபெல்ட் (அமுக்கிச் செய்த தடித்த துணி) துண்டுகள் இருக்குமாம். மாதிரித் துண்டு ஒன்றை மகன் கையில் கொடுத்தார்கள், கேக் வெட்டின மாதிரி முக்கோணமாக இருந்தது.

இந்தப் பொசுபரசு 30 பாகை செல்சியஸ் அளவிலேயே காற்றுப் பட்டுத் தீப்பிடித்துவிடும், நம்முடைய வெயில் அதைவிட அதிகம். அந்தப் புகை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அணைந்த துண்டுக்கு மேலே ஒரு பொருக்குப் படிந்திருக்கும், நாட்கள் கழித்து யாராவது காலால் தட்டி அது உடைந்தால் திரும்பவும் எரியும். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரருக்கு இதைக் கேட்டால் நெஞ்சு பதறும்.

பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "சுட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் பூசலாமா தம்பி?" என்று கேட்டார். நானும் அதைத்தான் செய்திருப்பேன். கூடவே கூடாதாம். பொசுபரசு எண்ணெயில் கரைந்து உடம்புக்குள் இறங்கி ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நிறையத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் மூடி, துணி காயாமலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், காய்ந்தால் மறுபடி பற்றிக்கொள்ளும்.

குறை ஒன்று உண்டு. பொசுபரசு இல்லாத, நாகக் குளோரைட்டுப் (சிங்க் குளோரைட்) புகை வரும் செல் வகையை இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். அடைத்த இடத்தில் அந்தப் புகையைச் சுவாசித்தால் நுரையீரல் பழுதாகி உயிரே போகும், இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். அப்புறம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்ததால் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் ஒருவரும் வரவில்லை. துருப்பிடித்த செல் முதலில் போய்ச் சேருவது அவர்கள் தராசுக்குத்தான், அடுத்த முறை பின்னேரத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.