பிஸ்டனைத் தாங்கும் பலாக்கட்டை: ஆமர் வீதிப் பக்கத்துக் கேடயக் கடை

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் யாருக்காவது கேடயமோ நினைவுச்சின்னமோ செய்ய வேண்டும், அதிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் பிழையில்லாமல் வர வேண்டும் என்றால் இந்தக் கடைக்குப் போங்கள். ஆமர் வீதிப் பக்கம், ஒரு சில்லறைக் கடைக்கு மேலே இருக்கிறது. ஒடுங்கின மரப்படி, பெயர்ப்பலகை கிடையாது. கீழே இருக்கிறவர்களிடம் கேடயக் கடை என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். நடத்துகிறவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுதும்போது பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் தம்பி, ஈக்கிற வேலயே முடியுதில்ல" என்றுவிட்டார். அதனால் போடவில்லை.

நான் வளர்ந்தது பஞ்சிகாவத்தைக்குப் பக்கத்தில். வாகனம் வைத்திருக்கிற எவருக்கும் அந்த இடத்தைத் தெரியும், எங்கேயும் கிடைக்காத உதிரிப்பாகம் தேடி நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்கிற தெருக்கள். அங்கேயுள்ள கராஜ்களில்தான் எங்கள் வயதுப் பொடியன்களுக்கு ரேஸ் பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமை இரவு முழுக்க ஒரு ஃபோர்ட் லேசரின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, விடியுமுன் ரேஸ் நடக்கிற கட்டுக்குருந்தவுக்குக் கொண்டு போவார்கள், ஞாயிறு பின்னேரம் அதே கார் டயர் தேய்ந்து எண்ணெய் வழிய திரும்பி வரும், திங்கட்கிழமை காலையில் அதே பாஸ்மார், கராஜ் மெக்கானிக்குகளை அப்படித்தான் சொல்வோம், யாரோ ஒருவரின் வேனுக்குக் கிளட்ச் மாற்றிக்கொண்டிருப்பார்கள். கார் ஓட்டினவர் பெயராவது எப்போதாவது பத்திரிகையில் ஒரு வரி வந்தது. எஞ்சின் செய்த கையின் பெயர் எங்கேயும் வரவில்லை. இப்போது அவர்களில் பலருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஆறு பேரைக் கௌரவிப்பது என்று முடிவெடுத்தோம். ஓட்டினவர்கள் இரண்டு பேர், பாஸ்மார் நாலு பேர். தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லோரும் இருந்தார்கள், அந்தக் கராஜ்கள் அப்படித்தான் இருந்தன.

கட்டுக்குருந்தவைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். காலி வீதியில் களுத்துறையைத் தாண்டிப் போனால் வரும் சின்ன ஊர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை அங்கே ஒரு விமானத் தளம் போட்டது. போர் முடிந்து அவர்கள் போனார்கள், ஓடுபாதை மிஞ்சியது, அதன் மேல் ரேஸ் ஓடினார்கள். பெரிய ஸ்டேடியம், மாடிமாடியாக ஆசனம் என்று எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். வெயில், தென்னை மரம், கொத்து ரொட்டிக் கடை, காது அடைக்கிற சத்தம். ஓடுகிற கார்களும் நம் வீட்டு முன்னால் நிற்கிற கார்கள்தான்: மினி, நிசான் மார்ச், ஃபோர்ட் லேசர், மஸ்டா. அமெரிக்காவில் ஸ்டொக் கார் என்கிறார்களே, அந்தச் சொல்லின் முதல் அர்த்தமும் இதுதான், விற்பனைக்கு வரும் காரை அப்படியே கொண்டு வந்து ஓட்டுவது. அங்கே அந்த ரேஸை நடத்துகிற நாஸ்கார் அமைப்பு 1948இல் தொடங்கி 1949இல் நடத்திய முதல் பெரிய பந்தய வரிசையே அந்த விதியில்தான் ஓடியது. இன்றைக்கு அவர்களுடைய கார் வேறு ஜாதி, ஆனால் அங்கேயும் சின்ன ஊர்களின் குட்டி ரேஸ் தடங்களில் கராஜ்காரர்கள் வார இறுதியில் சொந்தக் காரோடு வந்து நிற்கிறார்கள்.

என்ன கொடுப்பது என்ற யோசனையும் அங்கிருந்துதான் வந்தது. வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1947இல் திறந்த ரேஸ் தடம் ஒன்று இருக்கிறது, ஒரு சுற்று ஏறக்குறைய 850 மீற்றர்தான். 1964இலிருந்து அங்கே வெல்கிறவருக்கு ஆள் உயரப் பெண்டுலக் கடிகாரம் ஒன்று கொடுக்கிறார்கள். பக்கத்து ஊரான ரிட்ஜ்வேயில் கடிகாரம் செய்கிற கம்பெனி இருந்தது, அந்த மண்ணில் செய்கிற பொருளே பரிசாகட்டும் என்று வைத்தார்கள். பெரிய பெரிய சாம்பியன்கள் எல்லாம் அந்தக் கடிகாரத்துக்காக ஏங்குகிறார்கள். சரி, எங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் ஒன்றுதான். பஞ்சிகாவத்தையில் பழைய பிஸ்டன் வாங்கினோம், எஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடுகிற உருளைப் பாகம். ஃபோர்ட் லேசர் பிஸ்டன் ஏழு. ஏழாவது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நானாவிடம் நாங்கள் முதலில் போகவில்லை. முதலில் போனது வேறொரு கடை, கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாகத் தங்க நிறக் கிண்ணங்கள். மாதிரிக்கு ஒரு தகடு அடித்துக் கேட்டோம். தமிழ்ப் பெயரில் இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வேறு. இது பிழை என்று காட்டினால், கம்பியூட்டரில் அப்படித்தான் வருகிறது, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்றார்கள். அது எழுபத்து மூன்று வயது மனிதருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைக்கப் போகிற கேடயம், அதில் அவருடைய பெயரே உடைந்து கிடக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. முற்பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

நானாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவருக்குக் காரணம் உடனே தெரிந்தது. பழைய வரைகலை மென்பொருளுக்கு யூனிகோட் தமிழைக் கொடுத்தால் அது கொம்பை இடம் மாற்றத் தெரியாமல் எழுத்துக்களை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கொம்பு சரியாக நிற்கும், ஆனால் யூனிகோடில் வந்த பெயரைப் பாமினிக்கு மாற்றும்போது கவனம் இல்லாவிட்டால் வேறு எழுத்து விழும். சிங்களத்தில் கொம்புவவுக்கும் இதே பாடுதான். அதனால் அவர் ஒன்று செய்கிறார். பெயரை முதலில் உங்கள் கையாலேயே கடதாசியில் எழுதச் சொல்கிறார், அப்புறம் கம்பியூட்டரில் அடித்து, எழுத்துக்களைக் கோட்டுருவமாக மாற்றி, அசல் அளவில் அச்செடுத்துத் தருகிறார். அதை வீட்டுக்குக் கொண்டு போய் அந்தந்த மொழி தெரிந்த இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுத்து, கையொப்பம் வைத்துக் கொண்டு வந்தால்தான் தகட்டில் கை வைப்பார். எங்கள் ஆறு பெயரில் இரண்டு பெயர் அந்தக் கடதாசியில்தான் திருந்தியது. ஒருவருக்கு ரகரமா றகரமா என்ற சந்தேகம், பிள்ளைகளிடம் கேட்டுத் திருத்தினோம். இன்னொருவர் சிங்களத்தில் தன் பெயரை நாங்கள் நினைத்த மாதிரி எழுதுவதே இல்லையாம்.

தகடு பித்தளை. கடலோரமாக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் பித்தளை சீக்கிரம் கறுத்துவிடும் என்று சொல்லி மேலே லேக்கர் பூசித் தந்தார். எழுத்தை லேசர் ஒளியில் வெட்டுவீர்களா என்று கேட்டேன். மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் பாவிக்கிற கார்பன் டை ஒக்சைட் லேசர் வெறும் பித்தளையில் பிடிக்காதாம், ஒளியைத் திருப்பி அடித்துவிடும், உலோகத்துக்கு ஃபைபர் லேசர் வேண்டும். அவரிடம் இருப்பது வைர முனையால் கீறுகிற பழைய இயந்திரம். மெதுவாகத்தான் போகும், ஆனால் விரலால் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படுகிறது. பின்னால் ஏன் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்று விளங்கும்.

பிஸ்டன்கள் கரி பிடித்துக் கருகிப் போயிருந்தன. நான் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடலாம் என்று சொன்னதும் நானா தலையிலடித்துக்கொண்டார். பிஸ்டன் அலுமினியம், காஸ்டிக் அதைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, மெல்லிய பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். அதிலும் தலைப் பக்கத்துக் கரியை முழுக்க எடுக்காமல் கொஞ்சம் விட்டிருந்தார். கேட்டேன். "ஓடின பிஸ்டன்தானே தம்பி, ஓடினது தெரியணும்." அடிக்கட்டை பலாமரம், அவருடைய தச்சர் கிராண்ட்பாஸிலிருந்து கடைந்து அனுப்புகிறார். கீழே பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருக்கிறது, மேசையைக் கீறாது. கையில் எடுத்தால் நல்ல பாரம். தங்கப் பூச்சுப் பூசின பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டு வருடத்தில் உரிந்து போவதை எங்கள் பாடசாலை அலுமாரியிலேயே பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்தப் பாரம் எனக்குப் பிடித்தது.

ஒரு பெயர்த் தகட்டுக்கு ஏன் இவ்வளவு அலைகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். நான் வென்டெல் ஸ்கொட்டின் கதையைச் சொன்னேன். வர்ஜீனியாவில் டன்வில் என்ற ஊர்க் கறுப்பினத்தவர், தன் காரைத் தானே பழுது பார்த்துத் தானே ஓட்டினவர். 1963 டிசம்பர் 1ஆம் திகதி ஃபுளோரிடாவில் ஜக்சன்வில் மண் தடத்தில் இரண்டு சுற்று முன்னால் நின்று வென்றார். ஆனால் வெற்றிக்கொடி அவருக்கு அசையவில்லை, இன்னொருவரை வென்றவராக அறிவித்துக் கிண்ணத்தையும் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் கணக்குப் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். நாஸ்காரின் முதன்மைப் பந்தயத்தில் வென்ற முதல் கறுப்பினத்தவர், அந்த மேடையில் ஏறவே இல்லை. 1990இல் இறந்துபோனார். 2015இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள், அந்த வெற்றிக்கான கிண்ணத்தை நாஸ்கார் குடும்பத்தின் கையில் கொடுத்தது 2021இல். ஐம்பத்தெட்டு வருடம்! மனிதர் உயிரோடு இருக்கும்போது, பெயர் சரியாக, கையில் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த மரப்படியில் நாலு தடவை ஏறி இறங்கினேன்.

ரேஸ் நாளில் மதிய இடைவேளையில், வரிசையாக நின்ற கார்களுக்குப் பக்கத்தில் வைத்தே கொடுத்தோம். மேடை போடவில்லை. பொன்னாடை போர்த்தினோம், மாலை போட்டோம், அந்தந்த ஆளோடு வேலை செய்த இன்னொருவர் இரண்டு வார்த்தை பேசினார். பாஸ்மாரில் ஒருவருக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. அவர் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் ஊறிக் கறுத்த விரலால் தகட்டை மெதுவாகத் தடவி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் படித்தார். பிறகு விரல் பிஸ்டனுக்குப் போனது, விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "லேசர், என்ன?" என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். அவ்வளவுதான் பேசினார், மாலை ஆறு மணி வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை.

ஏழாவது கேடயத்தில் ஆள் பெயர் இல்லை. 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ்ஹில் ரேஸில் தடத்தை விட்டு விலகின கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், ஒரு சின்னப் பிள்ளையும் அதில். ரேஸை நேசிக்கிற ஒருவரும் அந்த நாளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கைதட்ட முடியாது என்று எங்களுக்குத் தோன்றியது. கொடி பிடித்துக்கொண்டு வெயிலில் வளைவு வளைவாக நிற்கிற மார்ஷல்களுக்கு என்று மூன்று மொழியிலும் பொறித்து, ஒரு நிமிடம் எழுந்து நின்று, அவர்களில் வயதில் மூத்தவரிடம் கொடுத்தோம். இந்தத் தகட்டுக்கு நானா காசு எடுக்கவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை, பில்லில் ஆறுதான் இருந்தது.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். பத்து நாள் என்று சொன்னது பன்னிரண்டு நாளானது. கார்ட் எடுக்க மாட்டார், கையில் காசுதான், பாதி முற்பணம். வாகனம் நிறுத்த இடமே இல்லை, முச்சக்கரவண்டியில் போய்விடுங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், அந்தப் படி செங்குத்து. கேடயம் வைத்துத் தருகிற பெட்டி சரியான மோசம், மெல்லிய அட்டை, பாரம் தாங்காமல் எங்களுடையது ஒன்று அடி கழன்றது, நல்லவேளை வேனுக்குள்தான். பெட்டியை நீங்களே வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு கேடயம் 6,800 ரூபாய் வந்தது, பிஸ்டன் எங்களுடையது. கண்ணாடிக் கதவுக் கடை பிளாஸ்டிக் கிண்ணத்துக்கே இதற்குக் கிட்டத்தான் கேட்டது.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் போக வேண்டாம், ஜும்ஆவுக்குக் கடை பூட்டு, மூன்று மணிக்குப் பிறகுதான் திறப்பார். நான் நேற்றும் போய் வந்தேன். நுவரெலியா மஹகஸ்தொட்டவில் 1934இலிருந்து மலையேற்ற ரேஸ் நடக்கிறதல்லவா, அதில் பல வருடம் மினி ஓட்டின ஒரு அம்மா இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருக்காக ஒன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மினியின் பிஸ்டன் இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால், ஓடின பிஸ்டனாக, நானாவிடம் கொடுத்துவிடுங்கள்.